ஒன்பதாம் வகுப்புக்கு முன் அக்கா மகளுக்கு மூன்று நாள் சென்னை: எதைக் காட்டலாம்?

ஏலத்தோட்டம்

எல்லோருக்கும் வணக்கம். போடிநாயக்கனூர் பக்கத்தில் மலையடிவாரத்துச் சின்ன ஊர் எங்களுடையது. ஊரில் இருப்பது நடுநிலைப்பள்ளி, எட்டாம் வகுப்போடு சரி. அக்கா மகள் இந்த ஏப்ரலில் எட்டு முடித்துவிட்டாள். ஜூன் மாதம் போடியில் உயர்நிலைப்பள்ளி, ஒன்பதாம் வகுப்பு. எட்டு வருடமாக ஒரே வகுப்பில் அதே இருபத்தாறு பிள்ளைகளோடு இருந்தவள். இனி தினமும் பஸ் ஏறிப் போய் முன்பின் தெரியாத நூறு பிள்ளைகளோடு உட்கார வேண்டும்.

பள்ளி திறப்பதற்குள் சென்னை கூட்டிப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் பார்த்த பெரிய ஊர் மதுரை, அதுவும் மீனாட்சி அம்மன் கோயில் வரைதான். கடலைப் பார்த்ததே இல்லை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், நான் முதன்முதலில் சென்னைக்குப் போனது 22 வயதில், கிண்டியில் ஒரு இன்டர்வியூவுக்கு. கோயம்பேட்டில் இறங்கி, எந்தப் பஸ், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் நின்றேன். உள்ளே போனபோதும் வாய் வரவில்லை. தெரிந்த பதிலைக்கூடச் சொல்ல முடியவில்லை. படிப்பில் குறை இல்லை. ஊரின் பிரம்மாண்டம்தான் என் தொண்டையை அடைத்தது. அவளுக்கு அது வரக்கூடாது.

நான், அக்கா, அவள் என மூன்று பேர். செவ்வாய் இரவு போடி ரயிலில் ஏறி புதன் காலை சென்ட்ரல், வெள்ளி இரவு அதே ரயிலில் திரும்புகிறோம். சைதாப்பேட்டையில் சித்தப்பா வீட்டில் தங்கல். நான் எழுதி வைத்திருப்பது: மெரினா, கலங்கரை விளக்கம், எழும்பூர் மியூசியம், செயின்ட் ஜார்ஜ் கோட்டை, வள்ளுவர் கோட்டம், வண்டலூர், மகாபலிபுரம், ஒரு பெரிய மால், மெட்ரோ ரயில். மூன்று நாளில் முடியுமா? எதை எப்போது வைப்பது?

தண்டவாளம்

தம்பி, முதலில் ரயில் விஷயம். மதுரைப் பக்கத்து வண்டிகள் பெரும்பாலும் எழும்பூருக்கு வரும். உங்கள் போடி வண்டி கரூர், சேலம், காட்பாடி வழியாகச் சுற்றி சென்ட்ரலுக்கு வருகிறது. மீட்டர்கேஜ் நிறுத்தி 12 வருடம் கழித்து, 2023 ஜூனில்தான் போடிக்கு மறுபடி ரயில் வந்தது. அந்த வண்டியிலேயே பாப்பா முதன்முதலாகச் சென்னைக்கு வருவது எனக்குப் பெரிய சந்தோஷம்.

சென்ட்ரலில் இறங்கியதும் ஆட்டோ பிடிக்க ஓடாதீர்கள். வெளியே வந்து, திரும்பி நின்று, அந்தச் சிவப்புக் கட்டடத்தையும் மணிக்கூண்டையும் ஐந்து நிமிடம் பாருங்கள். 1873இல் திறந்த நிலையம். பிறகு சுரங்கப்பாதையில் இறங்கினால் மெட்ரோ. நீல வழித்தடத்தில் ஏறினால் மாறாமல் சைதாப்பேட்டை. முதல் வேலையாகவே மெட்ரோ பார்த்தது ஆகிவிடும், அதற்குத் தனி நேரம் வேண்டாம்.

இப்போது முக்கியமானது. எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டை மியூசியத்துக்கும் வெள்ளிதான் விடுமுறை. ஆகவே அந்த இரண்டையும் புதன், வியாழனுக்குள் முடிக்க வேண்டும். கலங்கரை விளக்கம் திங்கள் விடுமுறை, வண்டலூர் செவ்வாய் விடுமுறை. அவை உங்களைப் பாதிக்காது.

மூன்று பேரும் ஒரு விஷயம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஒருவர் ஏறி மற்றவர் ஏறாமல் கதவு மூடிவிட்டால், ஏறியவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். மற்றவர்கள் அடுத்த வண்டியில் வருவார்கள். இதைப் பாப்பாவிடம் ரயிலிலேயே சொல்லிவிடுங்கள்.

மயிலை மாடவீதி

நாற்பது வருடமாக மயிலாப்பூரில் இருக்கிறேன் தம்பி. கத்திரி வெயில் காலத்தில் ஒன்பது இடமா? குழந்தை வாடிவிடும். உங்கள் ஊர் வெயில் வேறு, எங்கள் வெயில் வேறு. இங்கே புழுக்கம். நிழலில் நின்றாலும் வேர்வை ஆறாது. மே மாதத்தில் கடல்காற்று பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் ஊருக்குள் வரும். அதனால் காலை பத்து மணி வரை வெளியே, பத்திலிருந்து மூன்று வரை கூரைக்குக் கீழே, சாயங்காலம் மறுபடி வெளியே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் பார்க்காத பிள்ளைக்கு முதல் தடவை சூரிய உதயத்தோடு காட்டுங்கள். 5.30க்கெல்லாம் மணலில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் மெரினாவில் நடக்கிறவர்களும் மீன்காரர்களும்தான் இருப்பார்கள். கால் நனைப்பதோடு நிறுத்துங்கள், இடுப்பளவுக்கு இறங்கவே கூடாது. மெரினாவில் உள்ளிழுப்பு அதிகம். வருடா வருடம் வெளியூர்ப் பிள்ளைகள்தான் மூழ்கிப்போகிறார்கள்.

வண்டலூரை விட்டுவிடுங்கள். 602 ஹெக்டேர். பார்ப்பதென்றால் ஒரு முழு நாள், அதுவும் குளிர்காலத்தில். மகாபலிபுரமும் அப்படித்தான், தனியாக ஒரு தடவை வரவேண்டிய இடம்.

இன்னொன்று, அக்காவுக்கும் பாப்பாவுக்கும் மாநகரச் சாதாரணப் பேருந்தில் கட்டணம் கிடையாது. உங்களுக்கு மட்டும்தான் கட்டணம்.

கம்பம் பள்ளத்தாக்கு

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போன வருடம் என் பையனை அதே எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிப் போனேன். அரை மணி நேரத்தில் "போலாமாப்பா" என்று ஆரம்பித்துவிட்டான். பாவம், வருடம் முழுக்கப் படிக்கிற பிள்ளை. விடுமுறையிலும் கல்லையும் செம்பையும் காட்டிப் பாடம் நடத்த வேண்டுமா? மறுநாள் ஒரு தீம் பார்க் கூட்டிப் போனேன், அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! இன்றைக்கும் அதைத்தான் பேசுகிறான். பாப்பாவுக்கு ஒரு நாளாவது ராட்டினம், தண்ணீர் விளையாட்டு என்று வையுங்கள். சந்தோஷமும் நினைவில் நிற்கும்.

கரும்பலகை

அரசுப் பள்ளியில் 23 வருடமாக ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஏலத்தோட்டம் சொன்ன "வாய் வரவில்லை" என்ற வார்த்தை என்னை நிறுத்திவிட்டது. ஒவ்வொரு ஜூனிலும் அதை நான் நேரில் பார்க்கிறேன்.

சுற்று ஊர் நடுநிலைப்பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகள் முதல் இரண்டு மாதம் கடைசி பெஞ்சில் உட்காருவார்கள். தண்ணீர் குடிக்கப் போகணும் என்று கேட்கக்கூடக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டிருப்பார்கள். மதிப்பெண்ணில் குறைந்தவர்கள் இல்லை. தெரியாத ஆளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பழக்கமில்லை, அவ்வளவுதான். ஊரில் எல்லாரும் மாமா, அத்தை, பெரியப்பா. கேட்காமலே எல்லாம் கிடைத்துவிடும்.

அதனால் எந்த இடம் என்பதைவிட, யார் வழி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். வழியைப் பாப்பா கையில் கொடுங்கள். ஒரு நோட்டில் அவளே வரிசை எழுதட்டும். டிக்கெட் கவுன்டரில் அவள் நிற்கட்டும். "எழும்பூர் வண்டி எந்தப் பிளாட்பாரம்?" என்று அவள் கேட்கட்டும். நீங்களும் அக்காவும் இரண்டடி பின்னால் நில்லுங்கள். தப்பான பஸ்ஸில் ஏறினாலும் பரவாயில்லை, நீங்கள் கூட இருக்கிறீர்கள் அல்லவா? தப்பாக ஏறி, இறங்கி, சரியாக ஏறுவதை உங்கள் துணையோடு ஒரு தடவை செய்துவிட்டால், போடி பஸ் ஸ்டாண்டு அவளுக்குப் பெரிதாகத் தெரியாது.

கம்பத்து நண்பர் சொன்னதிலும் நியாயம் உண்டு. மியூசியம் முழுவதையும் பார்க்கக் கூட்டிப் போனால் எந்தப் பிள்ளையும் சலித்துப்போகும். நானே சலித்துப்போவேன். 1851இல் தொடங்கியது, எத்தனை கட்டடங்கள்! மூன்று பொருள் மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒன்று, வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். இரண்டு, ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்தவை. ஒன்பதாம் வகுப்பில் பழந்தமிழர் சமூகம் பாடமாக வரும்போது, "நான் பார்த்திருக்கேன் டீச்சர்" என்று ஒரு கை உயரும். மூன்றாவது அவள் இஷ்டம். திமிங்கல எலும்புக்கூடோ வேறு எதுவோ. ஒரு கதையும் சொல்லுங்கள்: வண்டலூர் மிருகக்காட்சிசாலை 1855இல் இந்த மியூசியம் வளாகத்தில்தான் ஆரம்பித்தது.

சித்தப்பா வீட்டுக்குப் பக்கத்தில் பல்லாவரம் இருக்கிறதே, அங்கேதான் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியாவில் மனிதன் எவ்வளவு பழையவன் என்ற ஆராய்ச்சியே அந்தக் கல்லில் தொடங்கியதுதான். இதையும் சொல்லிவிட்டு மியூசியத்தின் கல்லாயுதங்களைக் காட்டுங்கள்.

பழைய மெட்ராஸ்

கோட்டையை யாரும் விட்டுவிடாதீர்கள். மியூசியத்தில் 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியே இருக்கிறது. கண்ணாடிக்குள் அந்தத் துணியைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும். வளாகத்தில் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு. ஆதார் கையில் இருக்கட்டும்.

கலங்கரை விளக்கம் ஏறப் போகிறீர்கள் என்றால் பாப்பாவுக்கு இந்த வரிசையைச் சொல்லுங்கள். சென்னையின் முதல் விளக்கு 1796இல் இன்று கோட்டை மியூசியமாக இருக்கும் கட்டடத்தின் உச்சியில் எரிந்தது. அடுத்தது 1844இல், உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கும் கல்தூண். மூன்றாவது 1894இல், உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்திலேயே. நான்காவதுதான் 1977இல் செயல்பாட்டுக்கு வந்த இந்த மெரினா விளக்கம். நீதிமன்றத்தின் தலையில் கப்பலுக்கு விளக்கு வைத்திருந்த ஊர் இது என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் கண்ணை விரிப்பார்கள்.

ஏலத்தோட்டம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து இந்த இழையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஆசிரியர் சொன்னபடி நோட்டைக் கையில் கொடுத்தேன். என் பட்டியலில் பாதியை அவளே அடித்துவிட்டாள். மால் வேண்டாமாம், "தேனியிலயே கடை இருக்கு மாமா". வள்ளுவர் கோட்டம் பாடப் புத்தகத்தில் படமாகப் பார்த்துவிட்டாளாம். அவள் எழுதியது நான்குதான்: கடல், மியூசியம், விமானம் இறங்குகிற இடம், "நிறைய மாடி இருக்கிற லைப்ரரி". கோட்டையைப் "பாக்கலாம்" என்று ஓரமாக எழுதியிருக்கிறாள்.

அக்காதான் ஒத்துக்கொள்ளவில்லை. பதிமூன்று வயசுப் பிள்ளையைக் கவுன்டரில் தனியாக நிறுத்துவதா என்று கேட்டாள். அவள் பயம் புரிகிறது. அக்கா வீட்டுக்காரர் அதிகாலை நான்கு மணிக்கு ஜீப்பில் கேரளப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். பிள்ளையை அக்காதான் கண்ணுக்குள் வைத்து வளர்த்தாள். கடைசியில் "கைக்கெட்டுற தூரத்துல நான் நிப்பேன்" என்று இறங்கி வந்தாள். அது போதும்.

பெண்பிள்ளையோடு போய் வந்தவர்கள் யாராவது லைப்ரரி பற்றிச் சொல்லுங்கள்.

விடுதி அறை 14

அண்ணா, நான் உசிலம்பட்டிப் பக்கம். இங்கே கல்லூரியில் இரண்டாம் வருடம். எனக்கும் ஒன்பதாம் வகுப்பில்தான் ஊர் மாறியது. கரும்பலகை சார் எழுதியதைப் படித்தபோது அழுகை வந்துவிட்டது. அந்தத் தண்ணீர் விஷயம் எனக்கு நடந்தது.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010இல் திறந்தது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. குழந்தைகள் பிரிவில் நடுவில் ஒரு பெரிய மரம் செய்து வைத்திருப்பார்கள், அதைச் சுற்றி உட்கார்ந்து படிக்கலாம். ஆனால் பாப்பா ஒன்பதாம் வகுப்பு போகிறவள், அங்கேயே நிறுத்தாமல் மேல் தளங்களுக்கும் விடுங்கள். ஏசி இருக்கிறது, குடிதண்ணீர் இருக்கிறது, பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறது. அக்கா நிம்மதியாக ஓரிடத்தில் உட்காரலாம். மயிலை அம்மா சொன்ன பத்து டு மூன்றுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. பக்கத்திலேயே பிர்லா கோளரங்கம். தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள், அவளையே கேட்கச் சொல்லுங்கள்.

ஒரு ஆசை. மெரினாவில் கடலைப் பார்த்து முடித்ததும், கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதையும் பாப்பா பார்க்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857, மாநிலக் கல்லூரி 1840, ராணி மேரி கல்லூரி 1914. நகரத்தில் பெண்களுக்கென்று வந்த முதல் கல்லூரி ராணி மேரிதான். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருப்பது மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். புதுக்கோட்டையிலிருந்து வந்த முத்துலட்சுமி ரெட்டி அங்கே படித்து 1912இல் டாக்டரானார். நான் 17 வயதில் அட்மிஷனுக்கு வந்தபோதுதான் காலேஜ் என்பதையே முதலில் பார்த்தேன். பதிமூன்றில் பார்த்திருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியிருக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கு

எல்லாம் சரி தங்கச்சி. ஆனால் பிள்ளை சிரிக்கிற மாதிரி ஒன்றாவது பட்டியலில் இருக்கட்டும். இதை நான் விடமாட்டேன்.

ஏலத்தோட்டம்

போய் வந்துவிட்டோம். கேட்டவர்களுக்காக முழுதாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தப்பு. பள்ளிக்கென்று புதுக் கறுப்பு ஷூ வாங்கியிருந்தோம். "போட்டுப் பழகட்டும்" என்று அக்கா அதையே பயணத்துக்கும் போடச் சொன்னாள், நானும் சரியென்றேன். அதன் விளைவைப் புதன் மதியமே பார்த்தோம்.

காலையில் சென்ட்ரல். தண்டவாளம் அண்ணன் சொன்னபடி வெளியே வந்து திரும்பி நின்றோம். மெடிக்கல் காலேஜ் பக்கம் கை காட்டி முத்துலட்சுமி ரெட்டி கதையைச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "புதுக்கோட்டையிலருந்து அப்ப எப்படி வந்தாங்க, பஸ்ஸா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மெட்ரோவில் எஸ்கலேட்டர் முன்னால் அக்கா நின்றுவிட்டாள், கால் எடுத்து வைக்கவே மாட்டேன் என்றாள். பாப்பா முன்னால் ஏறிவிட்டு, மறுபடி சுற்றி இறங்கி வந்து, அம்மா கையைப் பிடித்து "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி ஏற்றினாள். கவுன்டரில் நின்று மூன்று சைதாப்பேட்டை கேட்டதும் அவள்தான். குரல் மிக மெதுவாக வந்தது. உள்ளே இருந்தவர் இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை சத்தமாகச் சொன்னாள்.

மதியம் சைதாப்பேட்டையில் மின்சார ரயில் ஏறி எழும்பூர். அங்கிருந்து மியூசியத்துக்கு நடந்தோம், நடக்கக்கூடிய தூரம்தான். வெண்கலக் கூடத்தில் அர்த்தநாரீசுவரர் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். நான் பாதி ஆண், பாதி பெண் என்று விளக்க ஆரம்பித்தேன். "அது தெரியுது மாமா. ஆனா கை மூணுதான் இருக்கு" என்றாள். அப்புறம்தான் நானே எண்ணினேன். சிவன் பக்கம் இரண்டு, அம்மன் பக்கம் ஒன்று. எதற்கு அப்படி என்று அங்கே இருந்த ஊழியர் ஒருவரிடம் போய்க் கேட்டாள், நாங்கள் யாரும் சொல்லாமலே. அவர் பொறுமையாக, இரண்டு பக்கமும் இடுப்பு வளைவும் தோளும் எப்படி வேறு வேறாக இருக்கின்றன என்று காட்டினார். அவருக்கு என் நன்றி.

கல்லாயுதங்களைப் பார்க்கும்போதுதான் அவள் நொண்டுவதைக் கவனித்தேன். ஷூவைக் கழற்றினால் இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து, சாக்ஸ் ஒட்டியிருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், "சொன்னா திரும்பிடுவீங்க" என்கிறாள். அக்கா அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். வெளியே வந்து எழும்பூரில் 120 ரூபாய்க்கு ஒரு ரப்பர் செருப்பு வாங்கினோம். மற்ற இரண்டு நாளும் அதுதான்.

அதனால் கோட்டையை விடவேண்டியதாகிவிட்டது. பழைய மெட்ராஸ் ஐயா மன்னிக்க வேண்டும். வியாழன் மதியம் போயிருக்கலாம், அந்தக் காலோடு நடக்க வைக்க மனசு வரவில்லை.

வியாழன் விடியலில் மெரினா. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை கண்ணில் படும். அவள் மணலில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கமும் மலையே இல்லையே மாமா, எதை வச்சுத் திசை தெரியும்?" என்றாள். அந்த நேரத்தில் சரியாகச் சூரியன் மேலே வந்தது. "அதை வச்சு" என்றாள் அக்கா. உப்புத் தண்ணீர் கொப்புளத்தில் பட்டதும் துள்ளினாள், ஆனாலும் வெளியே வரவில்லை. அக்காவும் புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். 41 வயசாகிறது, அவளும் இதுவரை கடல் பார்த்ததில்லை என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. இழையில் நான் அதை எழுதவே இல்லை, பாருங்கள். பாப்பா, பாப்பா என்றே எழுதியிருக்கிறேன்.

விடுதி அறை தங்கச்சி சொன்னபடி திரும்பி நின்று கல்லூரிகளைப் பார்த்தோம். ராணி மேரி வாசல் வரை நடந்தோம். விடுமுறை என்பதால் அமைதியாக இருந்தது. பத்து மணி ஆனதும் கலங்கரை விளக்கம். லிஃப்டில் மேலே போனால் காற்று ஆளைத் தள்ளுகிறது. அங்கிருந்து நான்கு விளக்குகளின் கதையைச் சொன்னேன். உயர் நீதிமன்றம் எங்கே என்று வடக்கே தேடிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் மறுபடி கடற்கரைக்கே போனோம், அவள் கேட்டாள். கம்பத்து அண்ணே, இது உங்களுக்கு. மணலில் கையால் சுற்றுகிற ராட்டினம் ஒன்று இருந்தது. அதில் அம்மாவையும் ஏற்றிவிட்டு, அக்கா கத்த, இவள் சிரித்த சிரிப்பு மூன்று நாளில் வேறெங்கும் வரவில்லை. நீங்கள் சொன்னது சரி. தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல் ஆளுக்கு இரண்டு பொட்டலம்.

வெள்ளிக்கிழமை லைப்ரரி. கோளரங்கமும் பார்த்தோம், நன்றாக இருந்தது. ஆனால் நான்கு மணி நேரம் போனது லைப்ரரியில்தான். குழந்தைகள் பிரிவில் அந்த மரத்தைப் பார்த்துவிட்டு உடனே மேலே போகலாம் என்றாள். விவசாயப் புத்தகங்கள் எந்தத் தளம் என்று கேட்டுக் கேட்டுப் போனாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஏலக்காய் பற்றிப் புத்தகம் தேடியிருக்கிறாள். ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. மேசையில் விரித்து வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஏல வியாபாரம் பற்றிய பக்கத்தில் 'போடிநாயக்கனூர்' என்ற பெயரைக் கண்டுபிடித்துவிட்டாள். ஓடி வந்து என்னை இழுத்துப்போய்க் காட்டினாள், அந்த இடத்தில் ஓடக்கூடாது என்றுகூட மறந்துவிட்டது. அந்தப் பத்தியை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள், அர்த்தம் தெரியாத வார்த்தைகளுக்கு அடிக்கோடு போட்டு. "அப்பாகிட்ட காட்டணும், நம்ம ஊரு சென்னையில இருக்குன்னு."

கடைசியாக மெட்ரோவில் விமான நிலையம் வரை போய்த் திரும்பினோம். தரைக்கு மேலே ஓடும் பாதையில் ஜன்னல் வழியாக விமானங்கள் தெரிந்தன. ஒன்று தாழ்ந்து இறங்குவதைப் பார்த்துவிட்டாள். நோட்டில் மிச்சமிருந்த வரியையும் டிக் அடித்தாள்.

ரயில் டிக்கெட் தவிர மூன்று நாளுக்கும் ஆன செலவு 3,900 ரூபாய். தங்கலும் பெரும்பாலும் சாப்பாடும் சித்தப்பா வீட்டில் என்பதால் இவ்வளவில் முடிந்தது.

மயிலை மாடவீதி

தம்பி, அக்காவும் கடல் பார்த்ததில்லை என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் என் வீட்டுக்குக் காபிக்கே கூப்பிட்டிருப்பேன். அந்த ராட்டினத்தைப் படித்துவிட்டு எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

பழைய மெட்ராஸ்

மன்னிப்பெல்லாம் வேண்டாம். கொடி எங்கேயும் போகாது. அடுத்த தடவை வரும்போது சொல்லுங்கள், வாசலில் நான் நிற்கிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கு

ஏலக்காய்ப் புத்தகம் விஷயத்தை என் பையனிடம் சொன்னேன். "நம்ம ஊர் திராட்சைக்கும் அங்க புக் இருக்குமா?" என்று கேட்கிறான். அவனுக்கு ரயில் என்றால் உயிர். சென்னையில் ரயிலுக்கென்று பார்க்கிற மாதிரி ஏதாவது உண்டா? நோட்டை அவன் கையிலேயே கொடுத்துப் பார்க்கிறேன்.

தண்டவாளம்

வில்லிவாக்கம் ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பக்கத்தில் ரயில் மியூசியம் இருக்கிறது அண்ணே. 2002இல் திறந்தது, திங்கள் விடுமுறை. பழைய நீராவி இன்ஜின்கள் வெளியிலேயே நிற்கும், தொட்டுப் பார்க்கலாம். உங்களுக்கும் தேனியில் ஏறினால் அதே ரயில்தான். பையனுக்குப் பழைய செருப்பையே போட்டுக் கூட்டி வாருங்கள்.

கரும்பலகை

ஏலத்தோட்டம், பள்ளி திறந்ததும் ஒரு வரி எழுதுங்கள். காத்திருப்பேன்.

ஏலத்தோட்டம்

சார், இன்று முதல் நாள். அக்கா பஸ் ஸ்டாப் வரை போனாள், கூட ஏறவில்லை. சாயங்காலம் வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். இரண்டாவது பெஞ்சில் இடம் கிடைத்ததாம். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை குரங்கணிப் பக்கம், அவளும் புதுசு. தண்ணீர்க் குழாய் எங்கே என்று இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கேட்டிருக்கிறார்கள். ஷூ கடிக்கிறதா என்றேன். கழற்றிக் காட்டினாள், குதிகாலில் பழைய தழும்பு மட்டும்தான் இருக்கிறது.